இரண்டேகால் நாள்

தலையில் டையை அப்பிக்கொண்ட மனுஷன் அடுத்த அரை மணி நேரத்துக்கு எதற்கும் லாயக்கில்லாதவன். சாய்ந்து உட்கார முடியாது, படுக்க முடியாது, வாசலில் யாராவது கூப்பிட்டால் போய்க் கதவைத் திறக்க முடியாது. வைத்திலிங்கம் கொல்லைப்பக்கத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, பழைய பனியனும் தோளில் கிழிசல் துண்டுமாக விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நெற்றியில் கறை படாமலிருக்கத் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தார். மனைவி மங்கை சொல்லிக்கொடுத்தது. மீசைக்கு முதலில், காதோரத்துக்கு அடுத்து, உச்சிக்கு அப்புறம், எல்லாம் சரி, பின்னந்தலைக்கு என்ன செய்வது? பழைய டூத் பிரஷ்ஷைப் பின்னால் கொண்டுபோய்க் குத்துமதிப்பாக இழுத்துவிட்டதில் பாதி டை கழுத்தில் வழிந்து பனியனுக்குள் இறங்கிச் சில்லென்றது. இத்தனை வருஷமாகப் பின்னந்தலை மங்கையின் இலாகா. "ஆட்டாதீங்க தலைய, சின்னப் பிள்ளையாட்டம்" என்று மண்டையை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, காதுமடலை மடக்கி அதன் பின்னால்கூடப் போட்டுவிடுவாள். மகள் பிரசவத்துக்கென்று அவள் ஓசூர் போனதிலிருந்து, அந்தக் காதுமடல் மடங்குகிற இடத்தை யாரும் தொட்டு மூன்று மாசம் ஆகிவிட்டது. அட, இதெல்லாம் ஒரு நினைப்பா? ஐம்பத்துநாலு வயசு ஆம்பளை, சப்-ஸ்டேஷனில் லட்சத்துப் பத்தாயிரம் வோல்ட்டைக் கட்டி மேய்க்கிறவன், காதுமடலை நினைத்துக் கண் கலங்குவானா? கலங்கியது. டை நெடி கண்ணில் ஏறுகிறது என்று சொல்லிக்கொண்டார். யாரிடம் சொல்கிறார்? பக்கத்தில் துவைக்கிற கல்தான் இருக்கிறது. நாளைக்கு ஓசூரில் பேத்திக்குப் பேர் வைக்கிறார்கள். இன்றைக்கு மத்தியானம் திருச்சியில் பஸ் ஏறினால்தான் ராத்திரிக்குள் போய்ச் சேர முடியும். தாத்தாக்காரன் நரைத்த தலையோடு போய் நிற்கக் கூடாதென்றுதான் இந்த டை. ஆனால் போவதா வேண்டாமா என்பதே இன்னும் முடிவாகவில்லை, டை மட்டும் போட்டாகிவிட்டது. மகள் சுபாஷினி போன வாரம் போனில் என்ன சொன்னாள்? "உங்களுக்கு எப்படித் தோதுப்படுதோ பாத்துக்கோங்கப்பா." வாங்கப்பா என்று சொல்லவில்லை. வராதீங்க என்றும் சொல்லவில்லை. தோதுப்படுதோ! தூரத்துச் சொந்தக்காரனிடம் சொல்கிற வார்த்தை அல்லவா அது. மங்கையாவது வாயைத் திறந்து கூப்பிடுவாள் என்று பார்த்தார், அவளும் "பாத்துக்கோங்க" என்றதோடு சரி. இந்த லட்சணத்தில் காலையில் காலண்டர் தாளைக் கிழித்தபோது கண்ணில் பட்டது. நல்ல நேரத்துக்கும் சூலத்துக்கும் கீழே பொடி எழுத்தில், சந்திராஷ்டமம்: உத்திரட்டாதி. அவருடைய நட்சத்திரம்.

சந்திரன் நம் ராசிக்கு எட்டாமிடத்தில் போய் உட்காருகிற இரண்டேகால் நாள். மாசத்துக்கு ஒரு தடவை தப்பாமல் வரும். மனசு ஒரு நிலையில் நிற்காது, பேச்சு தடிக்கும், நல்ல காரியம் தொடங்காதே என்பார்கள். அவருக்கு இதில் அப்படியொன்றும் நம்பிக்கை கிடையாது, மங்கைக்குத்தான். கல்யாணமான புதிதில் என்றைக்கோ ஒரு நாள் ரசத்தில் உப்பு இல்லையென்று அவர் தட்டைத் தள்ளியிருக்கிறார், அவள் எதேச்சையாகக் காலண்டரைப் பார்த்திருக்கிறாள், அன்றைக்குப் பிடித்தது. அப்புறம் இந்த வீட்டில் அது சட்டமாகிவிட்டது. சுபா பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஒரு நாள் மங்கை அவளிடம் சொல்வதைக் குளியலறைக்குள் இருந்தபடியே கேட்டார். "இன்னைக்கு அப்பாவுக்கு நாள் சரியில்ல. ரேங்க் கார்டை நாளன்னிக்கு நீட்டு. இப்ப வாயத் திறக்காத." கேட்டுச் சிரித்துக்கொண்டார், உள்ளே கொஞ்சம் குளிர்ந்தும் போனார். பொய் சொல்வானேன்? டிவி சத்தம் குறையும், அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பு வரும், கேட்காமலே விசிறி அவர் பக்கம் திரும்பும். வீட்டுப் பொம்பளைக்கு மாசத்தில் மூணு நாள் என்றால் ஆம்பளைக்கு இரண்டேகால் நாள். ஒரே ஒரு வித்தியாசம், அவளுக்கு வந்தாலும் அவள்தான் ஒதுங்க வேண்டும், அவருக்கு வந்தாலும் அவள்தான் ஒதுங்க வேண்டும். இப்போது கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தால் வேறொன்று நெருடுகிறது. ரெண்டு நாளைக்கு யாரும் முகம் கொடுத்துப் பேசாமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, தட்டை வைத்துவிட்டு நழுவிப்போனால் எந்த மனுஷனுக்குத்தான் பேச்சு தடிக்காது? என்னடா இது, வீட்டில் யாருமே இல்லையா என்று அவர் ஒரு சத்தம் போடுவார். பார்த்தியா, நாள் அப்படி என்று மங்கை மகளுக்குக் கண்ணைக் காட்டுவாள். கோபம் வந்ததால் ஒதுங்கினார்களா, ஒதுங்கினதால் கோபம் வந்ததா? இருபத்தெட்டு வருஷமாக இது தெரியாமல் குடித்தனம் நடந்திருக்கிறது. தினமும் காபி குடித்த கையோடு மங்கை போன் பண்ணுவாள். மாத்திரை போட்டீங்களா, பால் பொங்கவிட்டீங்களா, இவ்வளவுதான், ஆனால் பண்ணுவாள். இன்றைக்கு இன்னும் வரவில்லை. குடும்பக் குரூப்பில் பேத்தி படமும் வரவில்லை. போன் கல்லின் மேல் கவிழ்ந்து கிடந்தது. ஓசூர் வீட்டிலும் ஒரு காலண்டர் தொங்கும், அதிலும் இதே உத்திரட்டாதிதானே போட்டிருக்கும்.

அதுகூடப் பரவாயில்லை, நாளைக் காரணம் சொல்லலாம். நாளே இல்லாமல் வந்தால்? இந்த ஒரு வருஷமாக அப்படித்தான் வருகிறது. பால் பாக்கெட்டை வெட்டக் கத்தரிக்கோல் கிடைக்கவில்லை என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். அன்றைக்குச் சாயங்காலமே டிவியில் சமையல் எண்ணெய் விளம்பரம், ஒரு தாய் பிள்ளைக்குப் பூரியைப் பிட்டு ஊட்டுகிறாள், அவ்வளவுதான் விஷயம், இவருக்கு அழுகை வந்துவிட்டது. ரிமோட்டைத் தேடுகிற சாக்கில் சோபாவுக்கு அடியில் தலையைக் குனிந்துகொண்டார். இதெல்லாம் வீட்டோடு போனது. சுபாவின் வளைகாப்பு ஊர் பார்க்க நடந்தது. பொம்பளைகள் ஹாலில் வளையல் அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள், ஆம்பளைகள் வாசல் பந்தலில் சாப்பிடுகிறார்கள். சம்பந்தி நல்ல மனுஷர், வேடிக்கையாகப் பேசுகிறவர், பந்தலில் சுற்றின ஃபேனைப் பார்த்துவிட்டு, "என்ன சம்பந்தி, கரண்டு ஆபீஸ்ல இருக்கீங்க, உங்க வீட்டு ஃபேனே இப்படி முனகுதே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்திருக்கலாம். சிரிக்கத்தான் வாயைத் திறந்தார், வேறு என்னவோ வெளியே வந்தது. எவன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு எவனை நக்கல் பண்றது என்று ஆரம்பித்து, எங்கெங்கோ போய், கை வேறு வீசி, தட்டு எகிறி, புளியோதரை முழுக்கச் சம்பந்தியின் வெள்ளை வேட்டியில். அந்த ஃபேன் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குள்ளிருந்து சுபா பார்த்தாள், ரெண்டு கை நிறைய வளையல், கன்னத்தில் சந்தனம். அவர் உள்ளே போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். எதற்கு அழுகிறோம் என்று அழும்போதே தெரியவில்லை, அதுதான் பயமாக இருந்தது. வெளியே வந்தபோது மங்கை நின்றுகொண்டிருந்தாள். "கண்ணுல சோப்பு பட்டிருச்சா?" "ஆமா." போய்விட்டாள். பந்தலில் அவள் மெதுவாகச் சொல்வது கேட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி, அவருக்கு இன்னைக்குச் சந்திராஷ்டமம், அதான்." சம்பந்தியும் அதுக்கென்ன என்று வேட்டியை உதறிக்கொண்டார். எல்லாரும் போன பிறகு காலண்டர் பக்கம் போகிற மாதிரி போய்ப் பார்த்தார். சந்திராஷ்டமம்: பூரம். உத்திரட்டாதிக்கு இன்னும் ரொம்ப நாள் இருந்தது. காலண்டரைக் கரைத்துக் குடித்தவள் மங்கை, அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தே சொல்லியிருக்கிறாள். அவரைக் காப்பாற்றினாளா, இல்லை அசிங்கத்தை மூடினாளா, அன்றைக்கு அதை நினைத்தும் கோபம்தான் வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்காகவே பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்து, வெந்நீருக்கு ஹீட்டர் மாட்டி, ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை அடித்து வைத்திருந்தார். வளைகாப்போடு திரும்பிப்போன மகள் வரவில்லை. ஓசூரிலேயே ஆஸ்பத்திரி பக்கம் என்றாள். அம்மாவை அங்கே வரச்சொன்னாள். அந்த அறையில் இப்போது ஒரு புதுத் தொட்டில் கயிறு மட்டும் கொக்கியில் தொங்குகிறது.

டை காயக் காயத் தலைத் தோல் இழுத்துப் பிடித்தது. உச்சியில் ஓரிடத்தில் அரித்தது, தொடக் கூடாது. ஆம்பளைக்கும் உண்டா இது? அதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கூட வேலை பார்க்கிற அந்தோணிசாமியிடம் டீக்கடையில் பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தார். "ஏம்ப்பா, பொம்பளைங்களுக்கு வர மாதிரி நமக்கும் இந்த ஹார்மோன் கோளாறெல்லாம் வருமா?" அந்தோணிசாமி டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தான். "வரும் வைத்தி, ஏன் வராது? பொம்பளைக்கு வந்தா அதுக்குப் பேரு ஹார்மோனு, ஆம்பளைக்கு வந்தா அதுக்குப் பேரு கோவம். ஒரே சரக்கு, ரெண்டு லேபிள்." கடை முழுக்கச் சிரித்தது, இவரும் சேர்ந்து சிரித்தார். கடைசியில் யாருக்கும் தெரியாமல் டாக்டரிடமே போனார். மகள் வயசுதான் இருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு. தூக்கம் வரலை, அசதியா இருக்கு என்று சுற்றி வளைத்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "சும்மா சும்மா அழுகை வருதும்மா" என்று சொன்னபோது காது ரெண்டும் சுட்டது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. வெறும் வயிற்றோடு காலையில் ரத்தம் எடுக்கச் சொன்னாள். ரத்தம் கொடுத்துவிட்டு வருகிற வழியெல்லாம் அவருக்கு ஒரே வேண்டுதல், ஏதாவது குறைச்சலாக இருக்க வேண்டும். ஒரு பெயர் இருந்தால் போதும். சுபாவிடம் சொல்லலாம், சம்பந்தியிடமே சொல்லலாம், எனக்கு உடம்பில் இன்னது குறைச்சல், அதனால்தான் அன்றைக்கு அப்படி. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "எல்லாம் நார்மலா இருக்கு சார்" என்றாள், வாழ்த்துகிற மாதிரி. ஆம்பளைங்களுக்கும் ஹார்மோன் ஏறி இறங்கத்தான் செய்யும் சார், காலையில கூட இருக்கும், சாயங்காலம் குறையும், வயசு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமா வத்தும், சில பேருக்கு ரொம்பக் குறைஞ்சு மனசையும் பாதிக்கும், ஆனா பொம்பளைங்களுக்கு மாதிரி மாசக் கணக்கெல்லாம் கிடையாது, ஒரே நாள்ல நின்னுபோறதும் கிடையாது, உங்களுக்கு அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டு, "வீட்ல யாரோட பேசுவீங்க?" என்று கேட்டாள். "டிவி ஓடும்மா" என்றார். அவள் ரிப்போர்ட்டை மடித்து அவர் பக்கம் நகர்த்தினாள். தொடர்ந்து இப்படியே இருந்தா மறுபடி வாங்க, மனசுக்குன்னு இருக்கிற டாக்டர்கிட்ட அனுப்புறேன், தப்பில்லை என்றாள். ஆக, ஹார்மோனும் இல்லை. நட்சத்திரமும் இல்லை. ரெண்டு பக்கமும் கைவிட்ட பிறகு நடுவில் நிற்கிறது யார்? வைத்திலிங்கம்தான்.

ஹார்மோன் என்கிற வார்த்தையையே அவர் மங்கையைத் திட்டத்தான் கற்றுக்கொண்டார். அவளுக்கு மாதவிலக்கு நிற்கிற காலம் அது, ரெண்டு மூன்று வருஷம் படுத்தியது. மார்கழிக் குளிரில் வேர்த்துக் கொட்டும் அவளுக்கு. எழுந்து உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொள்வாள். "கொஞ்சம் ஃபேனை வைங்களேன்." இவர் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு, "மனுஷன் காலையில டூட்டிக்குப் போகணும், உன் ஹார்மோனுக்கு நான் விறைச்சுச் சாகணுமா" என்று எழுந்து போய் சுவிட்சை அணைத்திருக்கிறார். அணைத்துவிட்டு நன்றாகத் தூங்கியும் இருக்கிறார். ஒரு நாள் கரண்டியைச் சுவரில் விட்டெறிந்தாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அதை மறுநாள் ஆபீஸில் நடித்துக் காட்டினார், கரண்டி பறக்கிற சத்தத்தோடு, அந்தோணிசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எந்தக் காலண்டர் தாளைக் கிழித்து அவளுக்காகப் பார்த்தார் அவர்? அவளுக்கு என்ன நட்சத்திரம்? கேட்டை. இல்லை, அனுஷமா? பாருங்கள், அதுகூடச் சட்டென்று வரவில்லை. அப்புறம் ஒரு நாள் அவள் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய் ஃபேனுக்கு அடியில் படுத்துக்கொண்டாள். சண்டை இல்லை, முகத்தைத் தூக்கவில்லை, காலையில் காபி வந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. நல்லதாப் போச்சு என்றுதான் நினைத்தார். வேர்ப்பதெல்லாம் நின்று நாளாயிற்று, பாய் மட்டும் உள்ளே திரும்பி வரவில்லை. வா என்று கூப்பிட்டால்தானே வருவதற்கு. இந்த மூன்று மாசமாக அவர் படுப்பது அந்த ஹாலில்தான், அவள் படுத்த இடத்தில், ஃபேனைப் போட்டுக்கொண்டு குளிரில் சுருண்டு.

வெளியே கீரைக்காரம்மா குரல் கொடுத்துவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டில் குக்கர் கத்தியது. திடீரென்று ஒரு பயம் வந்தது, அசட்டுப் பயம்தான், ஆனாலும் வந்தது. இப்படியே, இந்த ஸ்டூலிலிருந்தே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தால்? இன்றைக்கும் நாளைக்கும் யாரும் கூப்பிட மாட்டார்கள். அவருக்கு நாள் சரியில்லை, தொந்தரவு பண்ண வேண்டாம், நாளன்னிக்குப் பேசிக்கலாம் என்று ஓசூரில் நல்லெண்ணத்தோடுதான் இருப்பார்கள். முன்பக்கம் கருகருவென்றும் பின்பக்கம் வெள்ளை வெளேரென்றும் கிடக்கிறவனை நாளன்னிக்குத்தான் கதவை உடைத்துப் பார்ப்பார்கள். சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆயிற்று. துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். போகாமலே இருந்துவிட்டால் என்ன? பேர் வைக்கிற இடத்தில் சம்பந்தி இருப்பார், எதையாவது வேடிக்கையாகச் சொல்வார், இவர் வாயிலிருந்து என்ன வருமென்று இவருக்கே நிச்சயமில்லை. பச்சைக் குழந்தையைக் கையில் கொடுக்க சுபா ஒரு நிமிஷம் யோசிப்பாள். அந்த ஒரு நிமிஷத்தைத் தாங்க முடியுமா? போகாவிட்டால் நாளன்னிக்கு மங்கை வழக்கம்போல மாத்திரை போட்டீங்களா என்பாள், தொட்டில் கயிறு இங்கேயே தொங்கும், அடுத்த மாசம் காலண்டரில் மறுபடி உத்திரட்டாதி வரும், அதற்கடுத்த மாசமும் வரும். கை தானாகப் போனை எடுத்தது. வைத்தது. எடுத்தது. ஸ்பீக்கரில் போட்டிருக்கலாம், தோன்றவில்லை, டை வழிகிற காதிலேயே அழுத்தி வைத்துக்கொண்டார்.

"என்னங்க? என்ன ஆச்சு?" மங்கையின் குரல் பதறியது.

"ஒண்ணும் ஆகல."

"இல்ல, இன்னைக்கு உங்களுக்கு..."

"தெரியும். காலண்டர்ல பாத்தேன். அதான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது, யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். மங்கை எழுந்து வேறெங்கோ நடந்து போவது கேட்டது, ஒரு கதவு சாத்திக்கொண்டது.

"என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க?"

"டை போட்டுட்டு உக்காந்திருக்கேன்."

"பின்னாடி?"

"எட்டின வரைக்கும்." கழுத்தில் வழிந்ததைத் துண்டால் ஒற்றிக்கொண்டார். "மங்கை, அப்ப உனக்கு ராத்திரியில வேர்த்துக் கொட்டுமே. அந்த ரெண்டு மூணு வருஷம். எப்படி இருந்துச்சு உனக்கு?"

அவள் போனை வைத்துவிட்டாளோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். வைக்கவில்லை.

"இப்ப எதுக்கு அது?"

"நான் கேக்கவே இல்லையே."

"இல்ல" என்றாள். "கேக்கல." கொஞ்சம் பொறுத்து, "உடம்பு நம்ம பேச்சைக் கேக்காம போயிரும்ல, அது பெருசில்ல. அத ஒருத்தர்கிட்டயும் சொல்ல முடியாம இருந்துச்சு பாருங்க" என்றாள்.

"எனக்கு இப்ப அப்படித்தான் இருக்கு மங்கை." சொல்லிவிட்டார். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "டெஸ்ட்டுகூட எடுத்தேன். எல்லாம் நார்மலாம். நார்மல்னா ஏன் எனக்கு அழுகை வருது? வளைகாப்பு அன்னைக்கு எனக்குச் சந்திராஷ்டமமே இல்ல. நீ சும்மா சொன்ன. எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு அன்னைக்குக் கண்ணுல சோப்பு படல. எனக்கும் தெரியும்."

மீசையிலிருந்து டை உருகி உதட்டில் இறங்கியது, கசந்தது. துடைக்கத் தோன்றவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அவருக்கே புரியவில்லை.

"என்னங்க."

"ம்."

"இங்க நான் ஹால்லதான் படுக்கிறேன். ஓசூர் குளிருக்கும் எனக்கு ஃபேன் வேணும், பழகிப்போச்சு. நிறுத்த மாட்டேன்." குரலை ஒரு தடவை செருமிச் சரிசெய்துகொண்டாள். "வரும்போது உங்களுக்குப் போர்வை எடுத்துட்டு வாங்க."